சத்தம் வருமுன் மறைந்த ஷட்டில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2011 ஜூலை 8, அட்லாண்டிஸ் என்ற விண்வெளி ஓடத்தின் (ஷட்டில்) கடைசிப் பயணத்தை ஃப்ளோரிடாவின் டைட்டஸ்வில் கரையிலிருந்து அத்தான் எடுத்த வீடியோ கிடைத்தது. ஷட்டில் மேகத்துக்குள் மறைந்த பிறகுதான் சத்தமே கேட்கிறது. மைக் கோளாறா? அதோடு, கவுண்ட்டவுன் 31 நொடியில் நின்றுவிட்டது என்கிறார். உண்மையா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

மைக்கைக் குறை சொல்லாதீர்கள். டைட்டஸ்வில்லுக்கும் ஷட்டில் கிளம்பிய 39ஏ ஏவுதளத்துக்கும் இடையே இந்தியன் ஆறு உட்படச் சுமார் 20 கி.மீ. ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். வந்து சேர ஏறக்குறைய ஒரு நிமிடம். அன்றைக்கு மேகம் தாழ்ந்திருந்தது, முக்கால் நிமிடத்துக்குள் ஷட்டிலை விழுங்கிவிட்டது. 5 கி.மீ.யில் இருந்த பத்திரிகையாளர்களுக்கு 15 நொடியிலேயே கேட்டிருக்கும்.

வீடியோவின் தொடக்கத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதலில் ஒரு பக்கம் வெண்புகை கிளம்பும். ஷட்டில் கிளம்புவதற்கு 6.6 நொடி முன் பற்றும் மூன்று முதன்மை எஞ்சின்களின் வேலை அது. புகை என்கிறோமே தவிர, பெரும்பாலும் நீராவிதான். ஒலி அதிர்வு ஷட்டிலையே சேதப்படுத்திவிடாமலிருக்க 11 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏவுதளத்தில் கொட்டினார்கள். பிறகு எதிர்ப்பக்கம் இன்னொரு புகைமூட்டம் எழும்: பக்கவாட்டில் இருக்கும் திட எரிபொருள் ராக்கெட்டுகள் (பூஸ்டர்கள்). அவை பற்றிவிட்டால் அணைக்க வழியில்லை. படபடவென்று வெடிக்கிற அந்தச் சத்தமும் அவற்றுடையதே.

31 நொடி விஷயம் உண்மை. எரிபொருள் டேங்க் உச்சியில் இருக்கும், ஆக்சிஜன் ஆவியை வெளியேற்றும் ஏவுதளக் கை முழுதாக விலகியதா என்று கேமராவில் பார்த்து உறுதி செய்ய நிறுத்தினார்கள். சுமார் இரண்டேகால் நிமிடம் தாமதம். கவுண்ட்டவுன் 9 நிமிடத்தில் நின்றது வேறு கதை: அது எல்லா ஷட்டிலுக்கும் திட்டமிட்ட நிறுத்தம், முக்கால் மணி நேரம்கூட நீண்டதுண்டு. தெரியாதவர்கள் ஏதோ கோளாறு என்று பதறியதுண்டு.

இப்போது அங்கே போய் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் பார்ப்பதாக இருந்தால், அதன் உந்துவிசை ஷட்டிலில் கால்வாசிதான். அதே உறுமலை எதிர்பார்க்காதீர்கள். ஃபோகஸை முன்கூட்டியே ஏவுதளத்தில் பூட்டி, எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் போகும் ஒளியின் அளவை) இரண்டு ஸ்டாப், அதாவது கால்வாசியாக, குறைத்து வையுங்கள், இல்லையேல் தீ வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் பதியும். ராக்கெட் மறைந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடாதீர்கள்.