போர் நாவலுக்குப் படக் கம்பெனி நீட்டும் பத்திரம்

கேள்வி: ராணுவத்தில் இருபது வருடம் இருந்தவன் நான். என் போர் நாவல் நான்கு பதிப்பு போய்விட்டது. மும்பைப் படக் கம்பெனி ஒன்று கேட்பதாக ஒரு கோ-ஆர்டினேட்டர் வந்தார். ஒரு லட்சம் அட்வான்ஸ், 'சகல உரிமைகளும் நிரந்தரமாக' என்று பத்திரம். ஸ்கிரிப்ட் பதிவுச் செலவுக்கு என்னிடம் 30,000 ரூபாய் கேட்கிறார். கையெழுத்துப் போட்டால் கதையை மாற்றிவிடுவார்களா?

பதில்: மாற்றுவார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 30,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மாட்டை விற்க வந்தவனிடமே கயிற்றுக்குக் காசு கேட்கிற கதை இது. கதையை வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். கம்பெனி தந்த அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். 'சார் ஷூட்டிங்கில் இருக்கிறார்' என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இப்படி ஏமாந்து என்னிடம் வந்தவர்களில் பேராசிரியர்களும் உண்டு.

சரி, கதைக்கு வருவோம். உங்களைப் போலவே ராணுவத்தில் இருந்த ஜேம்ஸ் ஜோன்ஸ் 1951-ல் 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' எழுதினார். விற்பனையில் பெரிய வெற்றி. கொலம்பியா ஸ்டுடியோ 80,000 டாலருக்கு மேல் கொடுத்து உரிமையை வாங்கியது. 800 பக்கத்துக்கு மேற்பட்ட நாவல் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். திரைக்கதையை எழுதியவரும் ஜோன்ஸ் அல்ல, டேனியல் டராடாஷ். ஹவாயில் உள்ள ராணுவ முகாமில் படம் பிடிக்க ராணுவத்தின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது; விலையில்லாமல் அது கிடைக்குமா? நாவலில் அடாவடி செய்யும் கேப்டனுக்குப் பதவி உயர்வு. படத்தில் அவரை ராஜினாமா செய்ய வைத்துவிட்டார்கள். விபச்சார விடுதி கிளப் ஆனது. கேப்டன் விலகும் காட்சி இயக்குநர் ஃப்ரெட் ஜின்னமனுக்கே பிடிக்கவில்லை. 1953-ல் வந்த படம் எட்டு ஆஸ்கர் வாங்கியது, அது வேறு விஷயம்.

நீங்கள் பார்க்க வேண்டியது காலக்கெடு. கம்பெனி முதலில் சிறு தொகை கொடுத்து, ஒன்றிரண்டு வருடத்துக்குக் கதையைப் பிடித்து வைப்பதற்கு ஆப்ஷன் என்று பெயர். அதற்குள் படம் தொடங்காவிட்டால் கதை உங்களிடம் திரும்ப வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19வது பிரிவும், உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி என்கிறது. ஆனால் ஒரு வால் இருக்கிறது: 'பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி.' இந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் பிழைக்கிறார்கள். 'பயன்படுத்தாவிட்டாலும் உரிமை தொடரும்' என்று பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தால் சட்டம் கொடுத்த பாதுகாப்பு போச்சு. காலமே எழுதாமல் விட்டால்கூட ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நிரந்தரமாக' என்று எழுதியதில் நீங்களே கையெழுத்துப் போட்டால் அதுவும் இல்லை. அந்த வார்த்தையை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உரிமையை விற்ற பிறகும், உங்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி கதையைச் சிதைத்தால் 57வது பிரிவின் கீழ் வழக்குப் போடலாம். போடலாம்தான்! படம் தியேட்டரை விட்டுப் போய், ஓடிடியில் பழசாகி, டிவியில் பொங்கலுக்குப் பொங்கல் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் வழக்கு அப்போதும் வாய்தாவில் இருக்கும். நீதிமன்றத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பதிப்பகத்தோடு போட்ட பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, திரை உரிமையை யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பலர் அதை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வருகிறார்கள்.