மேற்குப் பார்த்த வீடும் ஒரு புங்க மரமும்

அன்புள்ள ஐயா,

பதினாறு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, இந்தத் தை மாதம் வேலூரில் சொந்தமாக ஒரு தனி வீடு வாங்கிக் குடிவந்தோம். இதுதான் முதல் கோடை. வெயில் காலத்துக்கு ஏற்ற மாதிரி வீட்டை அழகாக மாற்ற ஆசை. திரைச்சீலையும் சோபா உறையும் எந்த நிறத்தில் போடலாம்? மேற்குப் பார்த்த வாசல் என்று உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள். வாடகையிலேயே இருந்திருந்தால் லாபம் என்கிறான் தம்பி. வாசலில் ஒரு புங்க மரம் வேறு, ஓயாமல் குப்பை. அதை எடுத்துவிட்டு, கார் நிற்க டைல்ஸ் போட்டுத் தருவதாக மேஸ்திரி சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். உங்கள் யோசனை என்ன?

ம., வேலூர்

அன்புள்ள ம.,

பதினாறு வருடத்துக்குப் பிறகு சொந்தமாக ஒரு வாசல். படித்ததும் மனசு நிறைந்தது. உங்கள் மகளிடம், சுவரில் என்ன வேண்டுமானாலும் வரைந்துகொள் என்று இனிமேல் சொல்லலாம். மகள் இருந்தால்.

தம்பியின் கணக்கு சரியாகவே இருக்கலாம். வட்டி, வாடகை, வரிக் கழிவு என்று கூட்டிக் கழித்தால் வேண்டிய விடையை வரவைத்துவிடலாம். விட்டுவிடுங்கள். வாசல் திசைக்கு முகம் சுளிப்பவர்களையும் விட்டுவிடுங்கள், அவர்களா அங்கே குடியிருக்கப் போகிறார்கள்?

ஆனால் அந்தப் புங்க மரம்! போகிற போக்கில் அதை ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எண்பதுகளில் நாங்கள் காட்பாடியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். மேலே வெறும் கான்கிரீட் தளம். பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்க எங்கள் மேல் இறக்கும். மின்விசிறி போட்டால் அனல்தான் சுற்றிச் சுற்றி வரும். தங்கைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு, அம்மா நுங்கைத் தடவிக்கொண்டே விசிறுவார். சாயங்காலம் மாடியில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றினால், தளம் ஊறிவிடும் என்று வீட்டுக்காரர் தடுத்தார். என் செலவிலேயே மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்கிறேன் என்று அப்பா போய்க் கேட்டார். "குடியிருக்கிறவங்க குடியிருந்தா போதும் சார்" என்றார் அவர். அப்பா திரும்பி வந்து யாரிடமும் பேசாமல் சட்டையைக் கழற்றி மாட்டியது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அம்மா ஒரு டால்டா டின்னில் வேப்பங்கன்று வைத்திருந்தார். அதன் பிறகு மூன்று வீடு மாறினோம். ஒவ்வொரு முறையும் பாத்திர மூட்டைகளுக்கு நடுவே அந்த டின் அம்மாவின் மடியில் வரும். தரையில் வைக்க ஒரு வீட்டுக்காரரும் விடவில்லை. வேர் சுவரைப் பிளந்துவிடும் என்பார்கள். கன்று இடுப்பளவுக்கு மேல் வளரவே இல்லை. 1994இல் அப்பா கடன் வாங்கி ஊருக்கு வெளியே ஒரு சின்ன வீடு கட்டினார். கடைக்கால் தோண்டிய அன்றே அம்மா அதை மேற்கு மூலையில் வைக்கச் சொன்னார். டின்னை வெட்டி எடுத்தபோது மண்ணே தெரியவில்லை. முழுக்க வேர், டின்னின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. "இது பிழைக்காதும்மா" என்றார் மேஸ்திரி. பிழைத்தது.

மேற்கு மூலையை அம்மா தெரிந்துதான் சொன்னார். வேலூர் 13 பாகை அட்சரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் உங்கள் மொட்டை மாடிக்கு நேர் மேலே நிற்கும். மூன்று மணிக்கு மேல் தாழ்ந்து இறங்கி மேற்குச் சுவரைத் தாக்கும். தாழ்ந்து வரும் வெயிலை ஜன்னல் சன்ஷேடு தடுக்காது. வாசலில் நிற்கிற மரம் தடுக்கும். புங்கனின் குணத்தைக் கவனியுங்கள். மாசி, பங்குனியில் பழைய இலையைக் கொட்டிவிட்டு, அக்னி நட்சத்திரம் வருவதற்குள் புது இலை போட்டு அடர்ந்துவிடும். நீங்கள் குப்பை என்று எழுதியது, அது உங்களுக்காகக் கோடைக்குத் தயாராகிற வேலை. அதை வெட்டி டைல்ஸ் போட்டால், அந்த டைல்ஸ் சாயங்காலம் முழுக்க வாசலில் அடுப்பு மாதிரி தகிக்கும். அப்புறம் ஏசி வாங்குவீர்கள். காரையும் அந்த மர நிழலிலேயே நிறுத்துங்களேன். நாலு இலை விழுந்தால் துடைத்துக்கொள்ளக் கூடாதா?

கட்டியவர் யாரோ, உங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர், மேற்கு வாசலுக்கு எதிரே தேர்ந்து ஒரு புங்கனை வைத்திருக்கிறார். மரத்தோடு வீடு கிடைப்பது எவ்வளவு பெரிய வரம் தெரியுமா அம்மா? என் அம்மா வாடகை வீடுகளில் பத்து வருடம் அதைத்தான் மடியில் சுமந்தார்.

திரைச்சீலை கேட்டீர்கள். எந்த நிறம் போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூடு பெரும்பாலும் அறைக்குள்தான் நிற்கும். மறைப்பு ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டியோ வெட்டிவேர் தட்டியோ வெளியே கட்டுங்கள். வெட்டிவேரில் தண்ணீர் தெளித்தால் அறையே மணக்கும்.

சோபா உறைக்குப் பருத்தித் துணி எடுங்கள், போதும்.

மொட்டை மாடியை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் பெவிகால் கலந்து இரண்டு தடவை அடிக்க வேண்டும். மழையில் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டியதுதான். அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலை பலரைக் கொண்டுபோனது. 2013இல் அந்த நகரம் வெப்ப காலத்துக்கென்று தனித் திட்டமே வகுத்தது, பிறகு ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கவும் ஆரம்பித்தார்கள். அப்பா படியேறிப் போய்க் கேட்டது அந்த வெள்ளையைத்தான். உங்களுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வருவார். அவரை மாடிக்கு அனுப்பிச் சுண்ணாம்பு வேலையைக் கொடுங்கள். இறங்கி வந்ததும் புங்கன் அடியில் நாற்காலி போட்டு மோர் கொடுங்கள். மரத்தைச் சுற்றி மூன்றடிக்கு மண் தெரிகிற மாதிரி விட்டுவிட வேண்டும் என்று அப்போது சொல்லிக்கொள்ளலாம்.