ஹாலோவே சானடோரியம்: ஒரு மனநலக் காப்பகத்தின் உட்புறம் (கேள்வி பதில்)

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், வர்ஜீனியா வாட்டர் என்ற ஊரில் உள்ள விக்டோரியா காலத்துக் கட்டடம் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: மனநோயாளிகளுக்கு அரண்மனையா? யார் கட்டினார்கள்?

பதில்: தாமஸ் ஹாலோவே. மாத்திரையும் களிம்பும் விற்று, விளம்பரத்தாலேயே பெரும் செல்வம் சேர்த்தவர். ஏழைகளுக்குப் பொதுக் காப்பகங்கள் இருந்தன. பெரும் பணக்காரர்களுக்குத் தனியார் விடுதிகள் இருந்தன. இடையில் இருந்த நடுத்தரக் குடும்பங்களுக்குத்தான் போக்கிடம் இல்லை. அவர்களை நினைத்து 1873-ல் வேலையைத் தொடங்கினார். 1885-ல் திறந்தார்கள். அதற்கு முன்பே, 1883-ல், ஹாலோவே இறந்துவிட்டார்.

கேள்வி: நோயாளிகளுக்கு இலவசமா?

பதில்: இல்லை, கட்டணம் இருந்தது.

கேள்வி: உள்ளே எதை அவசியம் பார்க்க வேண்டும்?

பதில்: பெரிய கூடத்தை. முதலில் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். இரு பக்கச் சுவரிலிருந்தும் மர உத்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நீண்டு வந்து மேலே உள்ள மரங்களைத் தாங்குகின்றன. அதனால் நடுவில் தூணே தேவைப்படவில்லை. கூடம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. மரத்தில் பொன்பூச்சும் வண்ணமும். சுவர்களில் பிரபலமானவர்களின் உருவப்படங்கள். நோயாளிகளின் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்காகக் கட்டிய கூடம் இது. அப்புறம் நுழைவு மண்டபமும் படிக்கட்டும்: சுவரில் வெறும் இடமே விடாமல் கொடியும் வடிவங்களும் விநோத விலங்குகளும் தீட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: இத்தனை வண்ணம் நோயாளியைக் குழப்பாதா?

பதில்: நல்ல கேள்வி. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் மனம் தன் கவலையையே சுற்றி வரும். கண்ணுக்கு வேலை கொடுத்தால் மனம் கொஞ்சம் வெளியே வரும் என்பதுதான் இந்த அலங்காரத்துக்குப் பின்னால் இருந்த எண்ணம். அதாவது, அலங்காரமும் சிகிச்சையில் ஒரு பகுதி. கூடத்தைப் பொறுத்தவரை நான் இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். படிக்கட்டு விஷயத்தில் முடியவில்லை. பயத்தோடு வந்து சேரும் ஒருவருக்கு முதலில் காட்ட வேண்டியது அந்த விலங்குகளையா?

கேள்வி: வெளித்தோற்றம் எதைப் பார்த்துச் செய்தது?

பதில்: பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்துத் துணி வணிக மண்டபத்தை. கட்டடக் கலைஞர் கிராஸ்லாண்ட். பக்கத்தில் ஹாலோவேயின் பெண்கள் கல்லூரியைக் கட்டியவரும் அவரே.

கேள்வி: இப்போது போய்ப் பார்க்கலாமா?

பதில்: 1948-ல் அரசு சுகாதாரச் சேவைக்குப் போய், 1980-ல் மூடப்பட்டது. பிறகு ஆண்டுக்கணக்கில் பாழாகக் கிடந்தது. 1990-களில் குடியிருப்பாக மாற்றியபோது கூடத்தையும் படிக்கட்டையும் சீரமைத்தார்கள். சுற்றிலும் தனியார் வீடுகள் இருப்பதால், அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.