பதில்: ஊட்டிக்கு மாற்றிய ஆட்டோகிளேவில் ஸ்போர் சோதனை தேறவில்லை

கோவையிலிருந்து ஊட்டிக்கு மாற்றிய ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) ஸ்போர் சோதனை (வெப்பம் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் சாகின்றனவா என்று பார்ப்பது) ஏன் தேறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அழுத்தமானியின் முள் 18.5 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்ட வேண்டும். கோவையில் ஓட்டிய அதே 15-ஐ ஊட்டியில் வைத்தால் உள்ளே சுமார் 117 டிகிரி செல்சியஸ்தான் வரும், கிருமி நீக்கத்துக்கு வேண்டிய 121 வராது. 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. முள் காட்டுவது அதற்கு மேலே உள்ளதை மட்டும்தான்.

அழுத்தத்தை ஏற்றுவதற்கு முன் கலன் எவ்வளவு தாங்கும், சேஃப்டி வால்வு எதில் திறக்கும் என்று பெயர்த்தகட்டில் பாருங்கள்.

தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் உணரி) வடிகால் வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். 18.5-இலும் 121 தொடவில்லையா? உள்ளே காற்று வெளியேறாமல் அடைத்திருக்கலாம். ஸ்டீம் ட்ராப்பை (நீராவியை விடாமல் காற்றையும் நீரையும் வெளியேற்றும் வால்வு) கழற்றிப் பாருங்கள்.

செயல்முறைத் தாளில் '15 பிஎஸ்ஐ' என்று இருப்பதைத் திருத்தி, வெப்பநிலையையே அளவுகோலாக்குங்கள். இடம் மாறியதால் மறு வேலிடேஷனும் (கருவி சரியாகக் கிருமி நீக்குகிறது என்று சோதித்து நிறுவுதல்) வேண்டும். அதுவரை ஊட்டியில் ஓட்டிய ஒரு லாட்டைக்கூட (பொருள் தொகுதி) வெளியே விடாதீர்கள். நோயாளியின் உடம்புக்குள் போகிற பொருள்.