நல்லாப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஏன் மார்க் வருவதில்லை?

"என் மகன் எதைச் சொன்னாலும் சட்டென்று பிடித்துக்கொள்கிறான், பரீட்சையில் மட்டும் மார்க் வருவதில்லை, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 16 வருடங்களாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்தக் கேள்வியோடு ஒரு பெற்றோராவது வராத வருடம் கிடையாது.

போன், சேர்க்கை, சோம்பல் என்று அவர்களே காரணமும் சொல்லிவிடுவார்கள். இருக்கலாம். நான் முதலில் கேட்பது விடைத்தாளைத்தான்.

ஒரு மளிகைக் கடைக்காரரின் மகன் வந்தான். பதினைந்து சாமான் வாங்கினாலும் தாளில்லாமல் கூட்டிச் சொல்லிவிடுகிற பையன். அரையாண்டில் கணக்கில் 41. விடைத்தாளைப் புரட்டினேன். ஐந்து மதிப்பெண் கணக்குகள் நான்கில் விடை சரியாக இருந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. சூத்திரம் இல்லை, பிரதியிட்டது இல்லை. எல்லாவற்றையும் மனதில் போட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் எழுதியிருந்தான். நம் தேர்வில் ஸ்டெப்புக்குத்தானே மார்க்! அப்புறம் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. சுமாராகப் படிக்கிற பிள்ளைகூடப் பழகிப் பழகி எடுத்துவிடுகிற 16 மதிப்பெண். அந்தப் பக்கமே போகவில்லை.

"இதை ஏன்டா விட்டே?"

"அது எனக்கு வராது சார்."

"எத்தனை தடவை போட்டுப் பார்த்தே?"

தலையைக் குனிந்துகொண்டான். ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.

எட்டாவது வரை வகுப்பில் காதால் கேட்டதை வைத்தே ஓட்டியிருக்கிறான். வீட்டிலும் பள்ளியிலும் கெட்டிக்காரன் என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். ஒன்பதாவதில்தான் கேட்டவுடன் பிடிபடாத பாடம் வந்தது. மற்ற பிள்ளைகள் மூன்றாவது நான்காவதிலேயே தப்பாகப் போட்டு, அழித்து, திரும்பப் போட்டுப் பழகியவர்கள். இவனுக்கு அது புதிது. 'படிக்கவில்லை, அதனால் மார்க் இல்லை' என்றால் கெட்டிக்காரன் என்ற பெயராவது மிஞ்சும். 'படித்தேன், வரவில்லை' என்றால் அதுவும் போய்விடும். பதினான்கு வயதில் எந்தப் பிள்ளையும் அந்தப் பெயரைத்தான் காப்பாற்றப் பார்க்கும். இதைத் திமிர் என்று நினைத்துக் கை நீட்டுகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பயந்துபோன பிள்ளையை அடிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். தினம் ஒரு கணக்கு, தப்பாகப் போட்டு அடித்த தாளோடு கொண்டு வரவேண்டும், அடித்தல் திருத்தல் இல்லாத தாளை வாங்க மாட்டேன். அவன் அப்பாவிடம், "கொஞ்ச நாளைக்குக் கெட்டிக்காரன்னு சொல்லாதீங்கண்ணே, இன்னைக்கு எது வரலைன்னு மட்டும் கேளுங்க" என்றேன். ஒரு மாதம் முரண்டு பிடித்தான். பிறகு தாள்கள் வர ஆரம்பித்தன. பொதுத்தேர்வில் 83.

எல்லாரும் இந்தப் பையன் மாதிரி இல்லை. ஒரு பெண்ணுக்குக் கரும்பலகையே தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறாள். வீட்டுக்குத் தெரியும்; பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று தள்ளிப்போட்டிருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டுத் திடீரென்று ஆங்கிலவழிக்கு மாற்றப்பட்டு, வகுப்பில் வாயே திறக்காமல் போன பிள்ளைகளும் உண்டு. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வாயால் கேட்டால் தேற்றத்தை அழகாக விளக்குவான். எழுதச் சொன்னால் எழுத்து விட்டுப்போகும், 36 என்பது 63 ஆகிவிடும், மூன்று மணி நேரத்தில் பாதித் தாள்தான் முடியும். நான் அவனை இரண்டு வருடம் சோம்பேறி என்றே திட்டினேன். தெரிந்த டாக்டர் ஒருவர் சொல்லித்தான் அது டிஸ்லெக்சியா என்று புரிந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த வகைக் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருத்துவச் சான்று இருந்தால் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு.

உங்கள் மகனை ஒரு நாள் உட்கார வைத்து, ஒரே பாடத்தில் ஐந்து கேள்வியை வாயால் கேளுங்கள். அதே ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், திட்டாமல். நான் அந்தப் பையனுக்கு ஒன்பதாவதிலேயே இதைச் செய்திருந்தால் நேரத்துக்கு விண்ணப்பம் போயிருக்கும். சான்று கையில் வந்தபோது அவன் பொதுத்தேர்வு எழுதி முடித்திருந்தான்.