நாய் குரைப்பது ஆளின் குணத்தைப் பார்த்து அன்று

நன்றாக உடுத்தியவர்களிடம் வாலாட்டும் நாய், அழுக்குச் சட்டையும் சாக்குமாக வருபவரைக் கண்டால் மட்டும் குரைப்பது ஏன், அதற்கு நல்லவர் கெட்டவர் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு நாயும் குப்பை எடுக்க வருபவரைக் கண்டு குரைத்திருக்கும், அதை வீட்டில் யாரேனும் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணுகிறேன். நாய்க்கு அது தெரியாது என்பதே என் பதில். இதில் எனக்கு இருக்கும் வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை.

என் அப்பா மதுரையில் ஜெய்ஹிந்துபுரம், பழங்காநத்தம், வில்லாபுரம் தெருக்களில் சைக்கிளில் சென்று பழைய இரும்பும் பேப்பரும் எடைக்கு வாங்கியவர். அவர் குரல் தெருமுனையில் கேட்டதுமே, வாடிக்கை வீடு ஒன்றின் நாய் வாசல் கேட்டின் கம்பிகளுக்கு இடையே மூக்கை நுழைத்து, முதுகு மயிர் சிலிர்க்கக் குரைக்கும். அந்த வீட்டு அம்மாள் அதை ஒருநாளும் அதட்டியதில்லை. "எங்க மணிக்கு ஆளப் பாத்தாலே தெரிஞ்சுரும்" என்பார். பள்ளி விடுமுறையில் அப்பாவுடன் போயிருந்த என் காதிலும் அது விழும். பின்னர் என் அக்காவின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க, வெள்ளை வேட்டி சட்டையில், சைக்கிளும் சாக்கும் இல்லாமல் அப்பா அதே வாசலில் நின்றபோது, மணி அவருடைய கால்விரல்களை முகர்ந்துவிட்டுப் படிக்கட்டு நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆள் அதே ஆள்தான்.

நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும். சிவப்பையும் பச்சையையும் அது நம்மைப்போல் பிரித்தறியாது. அது பெரிதும் கவனிப்பது உருவத்தையும் அசைவையும் வாடையையும்தான். தோளில் சாக்கு ஏறினாலோ தலையில் ஹெல்மெட் ஏறினாலோ மனித உருவமே அதற்கு வேறாகிவிடுகிறது. போதாக்குறைக்குச் சாக்கில் வேறு பல வீட்டு நாய்களின் வாடையும் ஒட்டியிருக்கும். பிறந்த 3 வாரம் முதல் ஏறக்குறைய 14 வாரம் வரை குட்டி எத்தகைய மனிதரோடு பழகுகிறதோ, அவர்களையே பின்னாளில் அச்சமின்றி ஏற்கும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த குட்டி சாக்குக்காரரை எங்கே பார்த்திருக்கும்? அதோடு, அவர் வருகிறார், நாய் குரைக்கிறது, வியாபாரம் முடிந்து அவர் போகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய் கற்றுக்கொண்டு மறுமுறை இன்னும் உரக்கக் குரைக்கிறது. அவரைக் கண்டதும் நம் கை சங்கிலியை இறுக்குவதையும் குரல் மாறுவதையும்கூட அது கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது.

காவலுக்குத்தானே நாய் வளர்க்கிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் நாய்களுக்கு எதிரி அல்லன். திருநகரில் என் வீட்டிலும் நாய் இருக்கிறது. ராஜபாளையம் போன்ற காவல் நாய்கள் அயலாரை எளிதில் அண்ட விடாது என்பதும் உண்மையே. ஆனால் அந்த ஐயம் பட்டுச்சேலைக்கும் சாக்குக்கும் பொதுவாக இருந்தால் அதைக் காவல் என்று ஒப்புக்கொள்வேன். என் நாயைக் குட்டியாக இருந்தபோதே தடுப்பூசி போட்டுத் தூக்கிக்கொண்டு போய், கீரைக்கார அம்மாவையும் சிலிண்டர் கொண்டுவரும் தம்பியையும் தாடி வைத்த பாய்மாரையும் தூரத்தில் நின்று பார்க்கப் பழக்கினேன். இன்று எங்கள் தெருவில் பழைய இரும்பு வாங்க வருபவர் அதைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அதில் எனக்குப் பெருமை உண்டு.

வளர்ந்த நாயையும் மாற்றலாம், நாளாகும். அது குரைக்கத் தொடங்காத தூரத்தில் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, சாக்குக்காரர் கண்ணில் படும்போதெல்லாம் வேகவைத்த கோழித்துண்டைக் கொடுங்கள். அவர் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். அமைதியாக இருந்தால் மட்டும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். குரைத்ததற்காக அடித்தால், அந்த அடியையும் அவர் வருகையோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். அதுவரை அவர் வரும் நேரத்தில் கேட்டைப் பூட்டி நாயைப் பின்கட்டில் கட்டிவையுங்கள். பழைய பேப்பரை நீங்களே தெருவுக்குக் கொண்டுபோய் எடை போட்டுக் கொடுங்கள்.