போர்முனையிலிருந்து அப்பா எழுதிய கடிதங்கள் உங்கள் வீட்டில் உண்டா? அவற்றில் என்ன இருந்தது?

உண்டு. 1971 அக்டோபரிலிருந்து 1972 பிப்ரவரி வரை எழுதிய பதினோரு இன்லேண்ட் கடிதங்கள். அப்பா இறந்த வருடம் பரணைச் சுத்தம் செய்தபோது, அவருடைய டிரங்குப் பெட்டியில், 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குத் தந்த பூர்வி ஸ்டார் மெடலோடு மஞ்சள் துணியில் சுற்றிக் கிடந்தன.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். வங்கதேசப் போரில் கிழக்கு முனையில் இருந்தார். எந்த ஊரில் இருக்கிறோம் என்று கடிதத்தில் எழுதக் கூடாது. விலாசம் '99 ஏபிஓ' (ராணுவத் தபால் நிலைய எண்) என்று மட்டும் இருக்கும். முத்திரையிலும் ஒரு எண்தான். வங்கதேச எல்லையை ஒட்டிய அகர்தலா வழியாகப் போனதை ஊர் திரும்பிய பிறகுதான் சொன்னாராம்.

முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றம். 'நான் நலம். அங்கு அனைவரும் நலமா? மணியார்டர் வந்ததா? கடலை என்ன விலை போகிறது?' எல்லாக் கடிதமும் இதேதான். கடைசி வரியும் ஒன்றே: 'படித்துக் காட்டும் வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம்.' அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத் திண்ணையில் நாலு பேர் நடுவே வாசிக்கப்போகும் கடிதத்தில் அவர் வேறென்ன எழுத முடியும்?

ஆனால் மடிப்பு ஓரத்தில் ஒரு தென்னை மரம் வரைந்திருந்தார். கட்டைவிரல் நகம் அளவுதான், பேனாவில் ஐந்தாறு கோடு. அம்மாவிடம் காட்டினேன். "அது எனக்கு. நம்ம வாசல் மரம். மரம் இருந்தா அவரு நல்லா இருக்காருன்னு அர்த்தம்" என்றார்.

டிசம்பர் 12 தேதியிட்ட கடிதத்தில் மரம் இல்லை. கையெழுத்தும் வேறு யாருடையதோ. 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து, ஊரே வெடி போட்டுக் கொண்டாடி, ஒரு வாரம் கழித்துத்தான் அந்தக் கடிதம் வந்திருக்கிறது. 'நான் நலம்' என்று வாத்தியார் வாசித்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா தாளை வாங்கி மடிப்பைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. அதில் மரம் இருக்கிறது, கோணல்மாணலாக. இடது கையால் போட்டது.

(இப்படிக் கடிதம் வைத்திருப்பவர்கள், மடிப்பு கிழிந்தாலும் தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள். கறை ஏறிவிடும். நான் ஒன்றில் ஒட்டி இரண்டு வரியை இழந்தேன்.)

அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. லாரிக் கதவில் நசுங்கியது என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். நிஜமாகவே என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நான் கேட்டதே இல்லப்பா. ரெண்டு வருஷம் தெனமும் எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சுவிட்டேன். மடங்கவே இல்ல."